ஒரு பேப்பரில் ஐந்து ஓட்டைகள்

என்னைக் கலியாணம் செய்து லண்டனுக்குக் கூப்பிட்ட மனுசனுக்குக் குக்கர் விசிலடித்தால் பயம். இரண்டாவது விசில் வருவதற்கு முன்னமே ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு குசினியை விட்டுப் போய்விடுவார். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பிள்ளைகள் வாணம் கொளுத்தினால் யன்னலுக்கு உள்ளே நின்றுதான் பார்ப்பார். அப்படிப்பட்டவர் எண்பத்தெட்டாம் ஆண்டு வசந்தத்தில் ஒரு நாள் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "நான் ஒரு துவக்கு வாங்கலாமெண்டு யோசிக்கிறன்" என்றார். நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எழுபதுகளில் படிக்க வந்து, படம் வரைகிற எஞ்சினியராகக் கவுன்சில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, பாலங்களுக்கும் கழிவு வாய்க்கால்களுக்கும் கோடு போட்டே தலைமயிரை முன்பக்கம் தொலைத்தவர் அவர். நான் எண்பத்தாறின் கடைசியில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். குரோய்டனுக்குக் கிட்ட ஒரு சின்ன வீடு. எனக்கு ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. எங்கள் சீவியத்தில் வெடிக்கக்கூடியதாக இருந்தது அந்தக் குக்கர் ஒன்றுதான்.

துவக்கு ஆசையை ஊட்டியவர் அவருடைய கந்தோரில் அடுத்த மேசையில் இருந்த வெள்ளைக்காரர். நெட்டையானவர், அதிகம் பேசாதவர், சனி ஞாயிறுகளில் மான் வேட்டைக்குப் போகிறவர். லண்டனுக்குத் தெற்கே, சரே பக்கத்தில் அவர் அங்கத்தவராக இருந்த சுடும் கிளப்புக்கு ஒரு சனிக்கிழமை இவரையும் கூட்டிப்போயிருக்கிறார். இவர் திரும்பி வரும்போது கையில் ஒரு பேப்பர். நடுவில் கறுப்பு வட்டம். அதில் ஐந்து ஓட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலே ஒரு பத்துப் பென்ஸ் நாணயத்தை வைத்தால் எல்லாம் மறைந்துவிடும்.

"நூறு யார் தூரத்தில இருந்து," என்றார்.

"நீங்கள் சுட்டதோ?"

"இல்லை, அவர் சுட்டது."

"அப்ப நீங்கள் சுட்டது?"

அதைக் கொண்டுவரவில்லை என்றார். பேப்பர் காற்றில் பறந்துவிட்டதாம்.

அந்த நாணயம்தான் இவரைப் பிடித்துக்கொண்டது. கோடு வரைகிற மனுசன். ஒரு காரியத்தை ஐந்து முறை செய்து ஐந்து முறையும் ஒரே இடத்தில் வரச்செய்ய முடியும் என்பதைக் கண்டதும் அவருக்கு நித்திரை போய்விட்டது. மான், வேட்டை, வீரம் ஒன்றும் அவர் மனதில் இருக்கவில்லை. ஐந்து ஓட்டைகள், ஒரு நாணயம். அவ்வளவுதான்.

துவக்கு வைத்திருக்கும் பத்திரத்துக்கு விண்ணப்பம் போட்டு மூன்று மாதத்தில் பொலிசிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். எண்பதுகளின் கடைசியில், லண்டனில், இலங்கைத் தமிழன் ஒருவன் தானாகப் போய் "எனக்குத் துவக்கு வேணும்" என்று பொலிசிடம் கேட்டால் அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்கு நடுக்கம். அந்த மனிதரோ களைத்துப்போன, நல்ல மனிதர். தேத்தண்ணி குடித்தார், பிஸ்கற் எடுத்தார், துவக்கு வைக்கவென்று சுவரோடு பூட்டிய இரும்பு அலுமாரியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"எதைச் சுடப்போகிறீர்கள்?" என்று கேட்டார்.

இவர் இதற்காக ஒரு வாரமாகப் பதில் தயார்பண்ணி வைத்திருந்தவர். அந்த நேரத்தில் எல்லாம் மறந்துபோய், "பேப்பர்" என்றார்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு இதில் ஏதும் ஆட்சேபனை உண்டா?" என்று கேட்டார். அவருடைய முதுகுக்குப் பின்னால் இவர் தேத்தண்ணிப் போச்சியோடு நின்றார். பரீட்சை முடிவு பார்க்க வந்த பொடியனின் முகம். எனக்குச் சொல்ல இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "இல்லை" என்றேன்.

செய்தி எங்கள் ஆட்களிடம் பரவ அதிக நாள் எடுக்கவில்லை. மரக்கறி வாங்கப் போன தமிழ்க் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் என்னருகில் வந்து, வெண்டிக்காய் தெரிவுசெய்வதுபோல நின்று, குரலைத் தாழ்த்தி, "அண்ணை எந்த இயக்கம்?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை இயக்கம்," என்றேன். "மழை பெய்தால் அதுவும் இல்லை."

செவன் கிங்ஸில் இருந்த மச்சாள், இவரின் தமக்கை, டெலிபோனில் ஒரு மணித்தியாலம் பேசினா. "ஊரில துவக்குக்குப் பயந்து ஓடிவாற சனம், இவன் இஞ்ச காசு குடுத்து வாங்கிறான். நீர் ஆர்ச்வே முருகனிட்டப் போய் ஒரு அர்ச்சனை செய்யும்." செய்தேன். ஐயர் யாருடைய பெயருக்கு, என்ன காரியத்துக்கு என்று கேட்டபோது, மனச் சாந்திக்கு என்று சொல்லிவைத்தேன். யாருடைய மனம் என்று சொல்லவில்லை.

துவக்கு வந்தது. வெள்ளைக்கார நண்பர் தான் முன்பு பாவித்த வேட்டைத் துவக்கையே இவருக்கு விற்றார். வால்நட் மரப்பிடி, மேலே தொலைநோக்கி. நாணயத்துக்குள் ஐந்து ஓட்டை போட்ட அதே துவக்கு. அதை இவர் சுட்டால் தோசையளவு இடத்தில் ஓட்டைகள் விழுந்தன. சில நாட்களில் நெய்த்தோசை அளவு.

அப்போதுதான் இவர் தோட்டாவில் பிழை கண்டுபிடித்தார்.

கடையில் வாங்குகிற தோட்டா எல்லாத் துவக்குக்கும் பொதுவாகச் செய்தது, கடையில் தொங்குகிற சட்டை மாதிரி. ஒவ்வொரு துவக்குக்கும் ஒவ்வொரு ருசி உண்டு, அதன் அளவெடுத்து வீட்டிலேயே தோட்டா செய்தால்தான் அது மனம்வைத்துச் சுடும் என்பது அவர் வாசித்த புத்தகங்களின் சாரம். வெள்ளைக்கார நண்பரும் அப்படித்தான் செய்கிறாராம். சுட்டு முடிந்த பித்தளைக் கோதை எறியாமல் எடுத்து, துடைத்து, பழைய அளவுக்கு நெருக்கி, அடியில் நெருப்புப் பற்றவைக்கிற சின்னக் கேப்பை மாற்றி, அளந்த வெடிமருந்தைக் கொட்டி, வாயில் புதுச் சன்னத்தை, பறந்துபோகிற அந்தக் குண்டை, இறுக்கினால் மறுபடி ஒரு தோட்டா. பத்திரத்திலும் அதற்கு இடமிருந்தது. மருந்துக்கு ஒரு மரப்பெட்டி செய்து மாடியில் பூட்டிவைத்தார். இவை எல்லாவற்றிலும் இவர் வலு கவனம். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நெருக்குகிற இரும்பு யந்திரத்தைப் பூட்ட அவர் தெரிந்தெடுத்த இடம் என்னுடைய குசினி மேசையின் விளிம்பு. நான் தேங்காய் துருவி பூட்டுகிற அதே விளிம்பு. துருவி கீழே இறங்கியது, நான் காய்ந்த தேங்காய்ப்பூவுக்கு மாறினேன். வியாழக்கிழமை பின்னேரங்களில் மருந்து நிறுக்கும் வேலை. அந்த நேரம் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. கதவைத் திறக்கக் கூடாது, காற்று வந்தால் தராசு ஆடும். அதனால் வியாழன் என்றால் பாணும் சீஸும், இல்லாவிட்டால் கடைப் பொரியல் மீன்.

மருந்தை நிறுக்கிற அலகுக்குப் பெயர் கிரெயின், அரைக் குன்றிமணி எடைதான் வரும். அதையும் இவர் பத்தில் ஒன்றாகப் பிரித்துச் சின்னக் கரண்டியால் ஒவ்வொரு துகளாகத் தட்டிக் கொட்டுவார். நான் மேசைக்கு மற்றப் பக்கத்தில் பாண் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

"மூச்சை மெல்ல விடும்," என்பார். "தராசு ஆடுது."

"மூச்சு விடாமலே இருக்கட்டோ?"

"ஒரு நிமிசத்துக்கு ஏலும் எண்டால்," என்பார், பகிடியாக அல்ல.

இப்படி நிறுத்துச் செய்ததெல்லாம் சனிக்கிழமை சரேக்குப் போய்த் தோசையாகத் திரும்பி வந்தது. பின்னேரம் கட்டம்போட்ட கொப்பியை விரித்து, அழகான வரைபடக் கையெழுத்தில் காரணங்களை எழுதுவார். காற்று வடமேற்கு. ஈரப்பதன் அதிகம். கோதுகள் இரண்டு கம்பனி. சன்னம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த கிழமை மருந்து, கோது, கேப்பு, சன்னத்தின் நீளம் எல்லாவற்றையும் மாற்றுவார். நானோ நாள் முழுக்க இரத்தம் அளக்கிறவள். அந்தக் கொப்பியைப் பார்க்க எனக்குக் கை உளையும்.

"ஒரேயடியாய் நாலு விசயத்தை மாத்தினால், எதால வந்ததெண்டு எப்பிடித் தெரியும்?"

"உமக்கு இது விளங்காது. இது இரத்தம் இல்லை."

ஒவ்வொரு சனிக்கிழமையும் வெள்ளைக்கார நண்பர் இவருடைய பேப்பரைக் கையில் எடுத்துப் பார்த்து, "சுவாரசியமாக இருக்கிறது" என்பாராம். இதைச் சொல்லும்போது இவருக்கு ஒரு பெருமிதம். அந்த ஊர் மரியாதையில் அதைவிடக் கடுமையான சொல் இல்லை என்பது பதினைந்து வருசம் அங்கே இருந்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு வருசம் இப்படிப் போனது. நான் ஒருநாளும் அந்தக் கிளப் பக்கம் போகவில்லை. இவரும் வரச்சொல்லிக் கேட்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டுக் கோடையில் கிளப்பில் குடும்பங்களோடு மத்தியானச் சாப்பாடு என்று சொன்னார்கள். வெள்ளைக்கார நண்பரின் மனைவி கேக் கொண்டுவருவா என்று இவர் சொல்ல, விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நான் மீன் ரோல்ஸும் பற்றீசும் பொரித்துக் கட்டிக்கொண்டு போனேன்.

நல்ல வெய்யில். புல்வெளி. தூரத்தில் மண்மேடு, அதற்கு முன்னால் வரிசையாகப் பேப்பர்கள். ஆண்கள் கம்பளி விரித்துக் குப்புறப் படுத்திருந்தார்கள். எனக்கும் காதுமூடி தந்தார்கள். நான் ரோல்ஸ் தட்டோடு, கேக் கொண்டுவந்த அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

முதல் வெடி கேட்டது. காதுமூடி நல்ல காதுமூடிதான். ஆனால் அந்தச் சத்தம் காதால் மட்டும் வருகிற சத்தம் அல்ல, நெஞ்சுக்கூட்டாலும் வரும். அடுத்ததாக எனக்குத் தெரிந்தது, நான் புல்லில் குந்தியிருந்தேன். ஒரு கை நிலத்தில். வாய் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தது. ஊரில் ஆமி இருந்த கோட்டைப் பக்கமிருந்து சத்தம் கேட்டால் நாங்கள் அப்படித்தான் எண்ணுவோம், கிட்ட வருகிறதா தூரப் போகிறதா என்று அறிய. நான்கு வருசமாக எண்ணாத எண்ணிக்கை. ரோல்ஸ் ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

அந்த அம்மா குனிந்து, "எதையாவது விழுத்திவிட்டீர்களா?" என்று கேட்டா.

"ஓம்... என்னுடைய தோடு," என்றேன்.

உடனே அவவும் நல்ல உடுப்போடு புல்லில் முழங்காலிட்டுத் தேடத் தொடங்கினா. அடுத்தடுத்து வெடிகள். நாங்கள் இரண்டு பெண்களும் நிலத்தில் ஊர்ந்து புல்லைக் கையால் விலக்கிக்கொண்டிருந்தோம். ஒரு கட்டத்தில் அவ என் முகத்தை நிமிர்ந்து பார்த்தா. என்னுடைய இரண்டு காதிலும் இரண்டு தோடும் இருந்தன. அவ அதைக் கண்டா. கண்டதை நானும் கண்டேன். மறுபடி குனிந்து, வெடிச்சத்தம் ஓயும்வரை என்னோடு தேடினா. பிறகு எழும்பிப் பாவாடையைத் தட்டிக்கொண்டு, "தேத்தண்ணி குடிப்போமா?" என்றா.

தேத்தண்ணி குடித்தோம். அடுத்த முறை சுடும்போது நானாகவே போய் இவருக்குப் பக்கவாட்டில், சுடுகிற கோட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு வருசமாகக் குசினியில் என் மூச்சைக்கூட அளந்த மனுசன் என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று.

ஐந்து வெடிக்குள் விசயம் விளங்கிவிட்டது. விசையில் விரல் இறுகத் தொடங்கியதும் இவருடைய இரண்டு கண்ணும் இறுக்க மூடிக்கொள்ளும். முகம் முழுக்கச் சுருங்கும். தோள் முன்னால் ஒரு தள்ளுத் தள்ளும். அதற்குப் பிறகுதான் வெடி. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் அது. இரண்டாவது விசிலுக்குக் காத்திருக்கிற முகம்.

நேரே வெள்ளைக்கார நண்பரிடம் போனேன். அவர் மேசையில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார்.

"அவர் கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறார்," என்றேன்.

"ஆமாம்," என்றார். "அப்படித்தான் தோன்றுகிறது."

"உங்களுக்குத் தெரியுமா? எப்போதிருந்து?"

அவர் கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, "முதல் நாளிலிருந்து" என்றார்.

"ஏன் சொல்லவில்லை?"

"அவர் கேட்கவில்லையே."

இரண்டு வருச வியாழக்கிழமைகள். எத்தனை பாண். எத்தனை கடை மீன். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். எழும்பிப் போய்த் தன்னுடைய பையிலிருந்து இரண்டு தோட்டாக்களை எடுத்து வந்தார். மருந்தும் இல்லை, கேப்பும் இல்லை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வைத்திருக்கும் வெற்றுத் தோட்டாக்கள். "உங்களுக்குச் சம்மதம் என்றால்," என்றார்.

அவர் போய் இவருக்குப் பக்கத்தில் குந்தி, "இந்த முறை நானே ஒவ்வொன்றாகப் போட்டுத் தருகிறேன், நீங்கள் தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவேண்டாம்" என்று சொன்னார். இவருக்கு அந்தக் கவனிப்பில் நல்ல சந்தோசம். முதலாவது வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதாக அவர் போட்டது வெற்றுத் தோட்டா.

"கிளிக்" என்று ஒரு சின்னச் சத்தம். வெடி இல்லை. ஆனால் துவக்கின் குழல் கோழி கொத்துகிற மாதிரி நிலத்தைப் பார்த்து ஒரு கொத்துக் கொத்தியது. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் அதைக் கண்டார்கள். யாரோ ஒருவர் இருமினார். அந்த இருமல் அங்கே எவ்வளவு பெரிய சிரிப்பு என்பது எனக்குத் தெரியும்.

இவர் தலையை நிமிர்த்தி, மெதுவாக, "இந்தத் தோட்டா பழுது" என்றார்.

நண்பர் இன்னொன்று போட்டார். வெடித்தது. அடுத்தது மறுபடி வெற்று. மறுபடி கிளிக், மறுபடி கோழி. இந்த முறை இவர் தோட்டாவைக் குறை சொல்லவில்லை. துவக்கின் மரப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கனநேரம் அப்படியே படுத்திருந்தார்.

வீட்டுக்கு வெளிக்கிட்டோம். காரில் மிச்ச ரோல்ஸின் மணம் மட்டும். குரோய்டன் கட்டடங்கள் தெரிகிற இடத்தில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது கேட்டார்.

"எத்தினை பேருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"உமக்கு?"

"இண்டைக்குத்தான். ஆனால் குக்கர் வாங்கின அண்டைக்கே யோசிச்சிருக்கவேணும்."

விளக்குப் பச்சையானது. கொஞ்சத் தூரம் போய், "நீர் ஏன் புல்லுக்க இருந்தனீர்?" என்றார். கண்டிருக்கிறார்.

சொன்னேன். எண்ணிக்கையைப் பற்றிச் சொன்னேன். எண்பத்தைந்தில் எங்கள் ஒழுங்கையில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்டது என்று சொன்னேன். எழுபதுகளில் வெளிக்கிட்டவர் அதெல்லாம் கேட்டதில்லை. பேப்பரில் வாசித்ததும், டெலிபோனில் தமக்கை அழுததும்தான் அவருக்குத் தெரியும். அவருடைய வாழ்க்கையில் அவர் கேட்ட முதல் துவக்குச் சத்தம் சரேயில், காதுமூடியோடு, சாண்ட்விச்சுக்கு முன்னால். எங்கள் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டிக் கார் போய்க்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"ரண்டு வருசமாய் வீட்டுக்க துவக்கு வைச்சிருக்கிறன்," என்றார். "ஒருக்காலும் நான் உம்மட்டைக் கேக்கேல்லை."

"பொலிஸ்காரர் கேட்டவர்."

"நீர் இல்லை எண்டனீர்."

"உங்கட முகத்தைப் பாத்திட்டுச் சொன்னனான்."

காரை ஓரமாக நிறுத்தினார். வாற கிழமையே விற்றுவிடுகிறேன் என்றார். உண்மையாகத்தான் சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இந்த மனுசனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, முழுவதையும் ஒரேயடியாக மாற்றுவது.

"விக்க வேண்டாம்," என்றேன். "ரண்டு வருசம் பாண் திண்டிருக்கிறன். முதல்ல கண்ணைத் திறந்து சுடப் பழகுங்கோ. பிறகு பாப்பம்."

பழகினார். வெள்ளைக்கார நண்பர், இப்போது கேட்கப்பட்டபடியால், தாராளமாகவே சொல்லிக்கொடுத்தார். வீட்டில் இவர், துவக்கு வெறுமை, தோட்டா எதுவும் கிட்ட இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, படுக்கையறையில் திரையை இழுத்து மூடி, சுவர்ப் பேப்பரில் இருக்கிற ஒரு பூவைக் குறிபார்த்துப் படுத்துக்கொள்வார். நான் குழலின் நுனியில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுக் கீழே வருவேன். விசையை அழுத்தும்போது நாணயம் விழக்கூடாது. முதல் கிழமை நான் கீழே சமைத்துக்கொண்டிருக்க, மேலே நாணயம் விழுகிற சத்தமும், அவர் எழும்பி வந்து அதை எடுத்து வைக்கிற சத்தமும் மாறி மாறிக் கேட்கும். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. குக்கரில் பருப்பை வைத்துவிட்டு மாடிப்படியில் நின்று கத்தினேன்.

"இப்ப விசிலடிக்கப் போகுது! இப்பப் பழகுங்கோ!"

அந்த மாதம் நாங்கள் தின்ற பருப்புக்குக் கணக்கில்லை. மாத முடிவில் ஒருநாள் நான்கு விசில் போயும் மேலே நாணயம் விழவில்லை. படியேறிப் போய்ப் பார்த்தேன். இரண்டு கண்ணும் திறந்தபடி படுத்திருந்தார். நான் வந்தது தெரியாது. விசை கிளிக் என்றது, நாணயம் அசையவில்லை. நான் சத்தம்போடாமல் கீழே வந்து குக்கரை இறக்கினேன்.

இலையுதிர் காலத்தில், கொப்பியில் சிவப்பு மையால் வெட்டி ஒதுக்கிய பழைய தோட்டாக்களையே கொண்டுபோய்ச் சுட்டார். தோசை இட்டலியானது. வெள்ளைக்கார நண்பர் பேப்பரைப் பார்த்துவிட்டு, இந்த முறை சுவாரசியம் என்று சொல்லாமல், தலையை மட்டும் ஆட்டினாராம்.

இனித்தான் தோட்டாவில் செய்கிற வித்தியாசம் பேப்பரில் தெரியும் என்று நான் சொன்னேன். சுடுகிற கை ஆடிக்கொண்டிருந்தால் மருந்தில் அரைக் குன்றிமணியைத் தேடி என்ன பயன்? அவர் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு ஏற்கனவே ஒரு செல்ல அளவு இருந்தது. அதுதான் நல்லது என்று மனதில் முடிவுகட்டியிருந்தார். அதனால் எங்கள் பரிசோதனைக்கூட வழக்கப்படி ஓர் ஏற்பாடு செய்தேன். மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க, மருந்தை மட்டும் மூன்று அளவில் அவர் செய்தார். பெட்டிகளை நான் மாற்றி அடுக்கி, மேலே அ, ஆ, இ என்று எழுதி ஒட்டினேன். எது எது என்பதை ஒரு காகிதத்தில் எழுதி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"என்னில நம்பிக்கை இல்லையோ?"

"உங்களில இருக்கு. உங்கட ஆசையிலதான் இல்லை."

நானும் கூடப் போனேன். சத்தத்துக்கு நெஞ்சு குதித்தது. ஆனால் நிலத்தில் குந்தவில்லை. வெள்ளைக்கார நண்பருக்கு அந்த எழுத்துகளில் பெரிய சந்தோசம். ஆங்கில எழுத்தென்றால் ஏதாவது எண்ணம் ஓடும், இது தனக்குச் சுத்தமாக விளங்காதபடியால் முழு நியாயமான சோதனை என்றார். "இ"யைப் பார்த்து, இது என்ன, சுருண்டு படுத்த பூனையா என்றும் கேட்டார்.

பூனைதான் வென்றது. அ இட்டலி, ஆ கொஞ்சம் சின்ன இட்டலி, இ பேப்பரில் ஐந்து ஓட்டைகளும் ஒரு நாணயத்துக்குக் கீழே. ஓரத்தில் ஒன்று மட்டும் எட்டிப் பார்த்தது. நான் கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து வாசித்தேன். செல்ல அளவு, அ. வென்ற இ, இரண்டு வருசத்துக்கு முன் முதல் கிழமையிலேயே சரிவராது என்று சிவப்பு மையால் வெட்டிய அளவு. இவர் காகிதத்தை வாங்கித் தானும் ஒரு தடவை வாசித்தார். பிறகு நாணயத்தை எடுத்து ஓட்டைகளின் மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஐந்து நிமிடம் அதையே செய்தார். அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் கண்டது எங்கள் மூத்தவள் பிறந்த அன்றைக்குத்தான், அதற்கு இன்னும் ஒரு வருசம் இருந்தது.

தொண்ணூற்றிரண்டில் வெள்ளைக்கார நண்பர் கூப்பிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் மான்கள் இளங்கன்றுகளைக் கடித்து நாசம்பண்ணுகின்றன, குறைக்கவேண்டும், வாருங்கள் என்று. பத்திரத்தில் மானையும் சேர்க்க அதே பொலிஸ் அதிகாரி மறுபடி வந்து அதே பிஸ்கற்றை எடுத்தார். போன இவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பெரிய பையோடு திரும்பி வந்தார். ஒரே வெடி. நின்ற இடத்திலேயே விழுந்ததாம்.

"எப்பிடி இருந்தது?"

"விழுந்தது," என்றார். பையை இறக்கிவைத்துவிட்டு, "வேற ஒண்டும் இல்லை. சத்தமே எனக்குக் கேக்கேல்லை" என்றார். கையைக் கனநேரம் கழுவினார்.

நான் நல்ல உறைப்பாகக் கறி வைத்தேன். மச்சாள் குடும்பத்தோடு செவன் கிங்ஸிலிருந்து வந்தா. துவக்கு வீட்டுக்கு ஆகாது என்று ஒரு மணித்தியாலம் பேசிய மச்சாள் மூன்றாம் தரம் கறி போட்டுக்கொண்டு, "இறைச்சி பஞ்சு மாதிரி இருக்கு" என்றா. மச்சாளின் புருசன், அத்தான், வன்னியில் வேலைசெய்தவர். அவர் மட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் தலையாட்டி, மான் என்றால் முறிகண்டிப் பக்கத்து மான்தான், இது வெறும் இங்கிலீசுப் புல்லுத் தின்றது என்று குறை சொல்லிக்கொண்டே எலும்பைச் சப்பினார். இவர் பருப்போடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மச்சாள் ஒரு துண்டை எடுத்துத் தம்பியின் கோப்பையில் வைத்தா.

"சுட்டனி, தின்னு," என்றா.

அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிட்டார். வெளிக்கிடும்போது மச்சாள் மிச்சக் கறியை மாஜரீன் டப்பாவில் கட்டுவித்துக்கொண்டு, வாசலில் நின்று இவரிடம், அடுத்தமுறை எப்போது போகிறாய் என்று விசாரித்தா.

பிறகும் இரண்டு தரம் போனார். கடைசித் தடவை வெறுங்கையோடு வந்தார். மூத்தவள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். துவக்கை அலுமாரியில் பூட்டிவிட்டு வந்து அவளைத் தூக்கிக்கொண்டார்.

"தவறிப்போச்சோ?" என்றேன்.

"ஓம்."

"என்ன, காத்தோ? மருந்தோ?"

"ஒண்டும் இல்லை. நான்தான் அவசரப்பட்டிட்டன்," என்றார். குசினிப் பக்கம் நடந்துகொண்டே, சாப்பிட என்ன இருக்கு என்று கேட்டார்.